பனியனில் எந்தப் பெயர்?

கல்லூரிகளுக்கு இடையிலான கபடி, வாலிபால் போட்டிகள் நடக்கும் மைதானங்களின் ஓரத்தில் எப்போதும் இரண்டு விவாதங்கள் நடந்துகொண்டிருக்கும். ஒன்று ஆட்டத்தைப் பற்றியது. நடுவர் சொன்னது சரியா, நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரை ஏன் வெளியே உட்காரவைத்தார்கள் என்பதுபோல அது போகும். மற்றொன்று, ஆடுபவர்கள் அணிந்திருக்கும் பனியனைப் பற்றியது. 'இது எந்த யுனிவர்சிட்டி? நம்ம ஊர்ப் பையன்தானே, அங்கே எப்படிப் போனான்? அந்தப் பேருக்கு வெளியே மதிப்பு இருக்கா?' என்று கேள்விகள் எழும். பழைய மாணவர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், ஆட்டம் பார்ப்பதற்கென்றே வரும் ஊர்க்காரர்கள் என எல்லோருக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. வெட்டிப் பேச்சு என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால், பல்கலைக்கழகத்தின் பெயர் யாருக்குச் சொந்தம், அதன் மதிப்பை உருவாக்குபவர் யார், அந்த மதிப்பு குலைந்தால் இழப்பு யாருக்கு என்னும் பொருளாதாரக் கேள்விகள்தான் அங்கே வேறு சொற்களில் பேசப்படுகின்றன.

விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். பீங்கான் பொம்மைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் ஃபியூஸ் கேரியர்களுக்கும் பெயர்பெற்ற இந்த ஊரில் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற பலருக்கு அதுவே உயர்கல்வியின் வாசல். தொடக்கத்தில் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரி. 2002-இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபோது, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் சென்றன. 2021 பிப்ரவரியில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களுக்கென விழுப்புரத்தில் டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் தோற்றுவிக்கப்பட்டது. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் இறுதியில் அப்பல்கலைக்கழகத்தைச் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் மசோதா பேரவையில் நிறைவேறியது. எதிர்க்கட்சி போராடியது, ஆளும் கட்சி விளக்கம் அளித்தது. அந்த அரசியலுக்குள் இங்கே நுழைய வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்குள் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறைகள், ஒரே விளையாட்டுத் திடல், பல்கலைக்கழகப் பெயர்கள் மட்டும் நான்கு என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

கல்லூரிக்குப் பெயர் தந்த கொளஞ்சியப்பர், விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் எழுந்தருளியிருப்பவர். தீராத வழக்குகளைக் காகிதத்தில் எழுதி, 'பிராது' கட்டிவிட்டு வரும் வழக்கத்துக்குப் புகழ்பெற்ற கோயில் அது. பல்கலைக்கழகப் பெயர் மாற்றங்களைப் பற்றி மாணவர்கள் அங்கே ஒரு பிராது கட்டினாலும் குற்றமில்லை. வேறெந்த அலுவலகத்திலும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பெயர் மாறினால் என்ன, பாடம் அதேதானே என்று கேட்கலாம். விளையாட்டு மாணவரின் நிலையிலிருந்து பார்த்தால் இதன் கனம் புரியும். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் கபடி வீரர் தேசிய அளவில் தம் திறமையைக் காட்ட விரும்பினால், கல்லூரி அணியிலிருந்து அவர் தம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும். அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடும். அங்கே வென்றால் அகில இந்தியப் போட்டி. இவற்றை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. இப்போட்டிகளில் பெறும் இடத்துக்கு வேலைவாய்ப்பில் விலை உண்டு. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கென்றே தனிச் சான்றிதழ் வடிவம் இருக்கிறது. 'ஃபார்ம் 3' என்றால் விளையாட்டு மாணவர் யாருக்கும் தெரியும். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உள்ளது. ஆகவே, பனியனில் உள்ள பெயர் அடுத்த சில ஆண்டுகளில் ஒரு சான்றிதழின் தலைப்பாகி, காவல் துறையிலோ ரயில்வேயிலோ தேர்வு வாரியத்தின் மேசைக்குப் போய்ச் சேர்கிறது. மைதான ஓரத்தில் நிற்பவர்கள் இதை அறிந்தவர்கள். அவர்கள் பெயரைப் பற்றிப் பேசும்போது வேலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

விளையாடாத மாணவருக்கும் இது பொருந்தும். அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று, கல்விச் சான்றிதழை 'சமிக்ஞை' என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது. வேலை தருபவருக்கு, எதிரே அமர்ந்திருப்பவரின் திறமை கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை ஊகிக்க அவர் ஒரு வெளி அடையாளத்தை நாடுகிறார். பட்டமும், அதை வழங்கிய நிறுவனத்தின் பெயரும் அந்த அடையாளம். நகரத்தில் வளர்ந்து, ஆங்கிலம் சரளமாகப் பேசி, பெற்றோரின் தொடர்புகளும் வாய்த்த மாணவருக்கு வேறு அடையாளங்கள் பல உண்டு. மங்கலம்பேட்டையிலிருந்தோ பெண்ணாடத்திலிருந்தோ பேருந்தில் வந்து படித்துச் சென்ற மாணவிக்குத் தம் பெயருக்கு அடுத்தபடியாக உள்ள ஒரே சொத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். அதை மாற்றுவதும் கலைப்பதும் அவரைப் பொறுத்தவரை சொத்தில் கைவைப்பது. ஒரு நிறுவனத்தின் பெயரை மாற்றப் பங்குதாரர்களைக் கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழைய மாணவர்கள், வாக்குரிமை இல்லாத பங்குதாரர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டில் பல்கலைக்கழகப் பெயரின்மீது மாணவர்களுக்கும் ரசிகர்களுக்கும் இயல்பான பற்று பெரும்பாலும் வருவதில்லை, கல்லூரியின்மீதுதான் வருகிறது. டென்னிஸ் வீரர்கள் ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், சதுரங்க மேதை விஸ்வநாதன் ஆனந்த் மூவரையும் விளையாட்டு ரசிகர்கள் லயோலா கல்லூரிக்காரர்கள் என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுழற்பந்து வீச்சாளர் வெங்கட்ராகவன் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அவர் காலத்தில் அதுவும் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததே. ஆனால், ரசிகர்களுக்கு அவர் 'கிண்டி' மாணவர். 1978-இல் கிண்டிக் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அங்கே படித்தவர்கள் தங்களைக் 'கிண்டி' என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடத்தின் பெயர் அவ்வளவு எளிதில் தேயாது.

இதற்குக் காரணம் நம் பல்கலைக்கழகங்கள் பிறந்த விதம். 1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டன. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. தேர்வு நடத்தும் அலுவலகத்தின்மீது யாருக்குப் பாசம் வரும்? ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இணைவுப் பல்கலைக்கழகங்களின் உள்ளமைப்பு பெரிதும் அப்படியே நீடிக்கிறது. மாணவர் தம் பல்கலைக்கழக வளாகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிட முடியும். கடலூர் மாவட்ட மாணவர்கள் பலருக்கு வேலூர் அப்படித்தான் இருந்தது: தேர்வு முடிவும் மதிப்பெண் பட்டியலும் வரும் திசை, அவ்வளவே.

இந்த வரலாற்றில் விலக்காக நின்றது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து, 1929-இல் உறைவிடப் பல்கலைக்கழகமானது. கலை, அறிவியல், வேளாண்மை, பொறியியல், மருத்துவம், இசை என எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தன. வளாகத்தைச் சுற்றி வளர்ந்த ஊருக்கே அண்ணாமலை நகர் என்று பெயர். அங்கே கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஒன்றே என்பதால், விடுதி, திடல், பட்டம், பெயர் எல்லாம் ஒரே பற்றில் சேர்ந்துகொண்டன. இணைவுக் கல்லூரி மாணவருக்குக் கிட்டாத அடையாளம் அது.

ஆனால், பெயரின் மதிப்பு என்பது கிணற்று நீர்போல. இறைக்கும் வேகத்தில் ஊற வேண்டும். 1979-இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி இயக்ககம் மூலம், ஊர்விட்டு நகர முடியாத பெண்களும் பணியில் இருந்தவர்களும் பட்டம் பெற்றார்கள். அதன் சமூகப் பயனைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. எனினும், தேசமெங்கும் படிப்பு மையங்கள் பெருகியபோது, வேலை தருபவர்கள் மனத்தில் அந்தப் பெயரின் பொருள் மாறியது. 'அண்ணாமலையா? நேரில் படித்ததா, தபாலில் படித்ததா?' என்ற கேள்வி பிறந்தது. நிதி நெருக்கடி முற்றி, 2013 ஏப்ரலில் அரசு நிர்வாகியை நியமித்தது. அதே ஆண்டில் புதிய சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகம் அரசின் முழுக் கட்டுப்பாட்டில் வந்தது. மிகையாக இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டனர். 2021-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகி மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் போனது. 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, இப்பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று பொது அறிவிப்பு வெளியிட்டு, மாணவர்களை எச்சரித்தது.

அந்த அறிவிப்பு வந்தபோது, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் கலைக் கல்லூரிகள் இந்தப் பெயருக்குக் கீழே வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தினமும் வகுப்புக்குச் சென்று, வருகைப் பதிவு குறையாமல் படித்த விருத்தாசலம் மாணவர், தாம் ஒருபோதும் சேராத தொலைநிலைப் படிப்பைப் பற்றிய சந்தேகத்துக்கும் இனிப் பதில் சொல்ல வேண்டும். சந்தையில் ஒரே பெயரில் இரண்டு தரங்கள் கலந்து விற்கப்பட்டால், வாங்குபவர் சராசரி விலைக்குமேல் தர மாட்டார்; நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கே நட்டம் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கினார். அவரும் ஸ்பென்ஸும் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். வேலை தேடி அலைந்து திரும்பும் நம் மாணவர்களுக்கு இந்தக் கோட்பாட்டைப் பாடநூல் பார்த்து விளக்க வேண்டிய தேவை இல்லை.

சரி, விளையாட்டால் ஒரு பெயரை மீட்க முடியுமா? மைதான ஓரத்து விவாதத்தில் தவறாமல் வரும் யோசனை இது. 'நாலு கோப்பை ஜெயிச்சா தானா பேர் வரும்' என்பார்கள். இதற்கு ஆதாரம் தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கேதான் பல்கலைக்கழக விளையாட்டு பெரும் தொழிலாக நடக்கிறது. ரசிகர்களின் பெயர்ச் சண்டைகளும் அங்கேதான் உச்சம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தை அறிவுலகம் 'பெர்க்லி' என்கிறது. அதே வளாகத்தின் அணிகள் 'கலிஃபோர்னியா' என்றும், செல்லமாகக் 'கால்' என்றும் களமிறங்குகின்றன. நோபல் அறிஞர்களால் வந்த புகழும் அணியின் பெயரும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதைப் பற்றி அங்குள்ள ரசிகர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகமோ, தன் பெயருக்கு முன்னால் வரும் 'தி' என்ற ஆங்கிலச் சுட்டுச் சொல்லையே, தொப்பிகளிலும் சட்டைகளிலும் அச்சிட்டு விற்பதற்கான வணிகச் சின்னமாக 2022 ஜூனில் பதிவு செய்துகொண்டது. நாம் முழுப் பெயரையே மூன்று முறை மாற்றுகிறோம். அவர்கள் மூன்றெழுத்துச் சொல்லுக்கு மூன்றாண்டுகள் வழக்காடுகிறார்கள்.

1984 நவம்பரில் பாஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி, ஆட்டத்தின் கடைசி நொடியில் நெடுந்தூரம் எறிந்த பந்தால், மயாமி அணியை 47-45 என்று வீழ்த்தினார். தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. அதன்பின் அக்கல்லூரிக்கு வந்த விண்ணப்பங்கள் பெருகியதால், விளையாட்டு வெற்றி மாணவர் சேர்க்கையைக் கூட்டுவதற்கே 'ஃப்ளூட்டி விளைவு' என்று பெயர் நிலைத்துவிட்டது. விண்ணப்பங்கள் அதற்கு முன்பே ஏறுமுகத்தில்தான் இருந்தன என்று மறுப்போரும் உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் டக் சுங் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து பார்த்தது. அமெரிக்கக் கால்பந்தில் சுமாரான நிலையிலிருந்து சிறந்த நிலைக்கு ஓர் அணி உயர்ந்தால், விண்ணப்பங்கள் சுமார் 18 சதவீதம் கூடுகின்றன என்பது அவர் கண்டது. அதே பலனைக் கட்டணத்தின் வழியே பெற வேண்டுமானால் அதை 3.8 சதவீதம் குறைக்க வேண்டியிருக்குமாம். இதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. தேர்வு மதிப்பெண் குறைவாக உள்ள மாணவர்களையே விளையாட்டு வெற்றி கூடுதலாக ஈர்க்கிறது. மதிப்பெண் மிகுந்தவர்கள் கல்வித் தரத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தியாவில் இந்தப் பாடத்தை முதலில் நன்றாகப் படித்தவை தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளில் துணைவேந்தர்களின் படத்துக்குப் பக்கத்தில் பதக்கம் வென்ற மாணவர்களின் படங்கள் இப்போது சாதாரணம். சென்னைப் புறநகரின் தனியார் பல்கலைக்கழகங்கள் வாலிபால், கூடைப்பந்து, சதுரங்கம் ஆகியவற்றில் வலுவான அணிகளைத் திரட்டியிருக்கின்றன. கல்விக் கட்டணம் இல்லை, விடுதியும் உணவும் இலவசம், நல்ல பயிற்சியாளர் என்று அழைத்தால், கிராமத்துக் குடும்பம் மறுக்காது, மறுக்கவும் கூடாது. அந்த உதவியால் மட்டுமே பட்டதாரியான வீரர்கள் பலர் இருக்கிறார்கள். ஆயினும் ஸ்பென்ஸின் கணக்குப்படி, தரமற்றவராலும் எளிதில் அனுப்ப முடிகிற சமிக்ஞைக்கு மதிப்பு இல்லை. பல்லாயிரம் மாணவர்களுக்கு நல்ல ஆசிரியர்களையும் ஆய்வகங்களையும் அமைக்கும் செலவோடு ஒப்பிட்டால், பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வாலிபால் அணியைப் பராமரிப்பது சொற்பம். அணி வென்றது என்றால், அந்நிறுவனத்தால் செலவழிக்க முடிகிறது என்று தெரிகிறது. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பது அதிலிருந்து தெரிவதில்லை.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதில் பழக்கமான ஒரு வருத்தம் ஒளிந்திருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிக் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி இந்த வட்டாரத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. ஆனால், இங்கே வார்த்து, சூளையில் சுட்டு எடுத்த பொம்மையை வெளியூர்க் கடையில் வாங்கும் ஒருவர், அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலும் ஊர்ப் பெயரைக் காண்பது அரிது. புகழ்பெற்ற ஐரோப்பிய, ஜப்பானியப் பீங்கான் கோப்பைகளின் அடியில் செய்த நிறுவனத்தின் முத்திரை தவறாமல் இருக்கும். விலையில் பெரும்பகுதி அந்த முத்திரைக்குத்தான். நம் மாவட்டத்துக் கபடி வீரர் வேறொரு நிறுவனத்தின் பனியனோடு களமிறங்குவதைப் பார்க்கும் ரசிகர் அடையும் உணர்வும் ஏறக்குறைய இதுதான். மண்ணும் சூளையும் இங்கே, முத்திரை அங்கே.

அரசுப் பல்கலைக்கழகங்களால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது என்று சொல்லிவிட முடியாது. பஞ்சாபின் அமிர்தசரஸில் 1969-இல் தொடங்கிய குரு நானக் தேவ் பல்கலைக்கழகம், திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போலவே கல்லூரிகளை இணைத்து நடத்தும் மாநிலப் பல்கலைக்கழகம். விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசு வழங்கும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையை அது 20 முறைக்கும் மேல் வென்றிருக்கிறது. அதன் வீரர்களை உருவாக்கிய கல்லூரிகளுள் ஒன்று ஜலந்தரிலுள்ள லயல்பூர் கால்சா கல்லூரி. லயல்பூர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது; அந்த நகரத்தின் பெயரே ஃபைசலாபாத் என்று மாறிவிட்டது. பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், கல்லூரியின் பெயரை மட்டும் விடாமல் கொண்டுவந்து ஜலந்தரில் நட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே பல்கலைக்கழகப் பெயர், அதற்குள் தத்தம் பெயரை இழக்காத கல்லூரிகள் என்ற இந்த ஏற்பாடுதான், ஆண்டுக்கு ஆண்டு வந்த வெற்றிகளை ஒரே கணக்கில் சேர்த்துவைக்க உதவியது. அங்கேயும் காலம் மாறிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024-ஆம் ஆண்டுக்கான கோப்பையைச் சண்டிகர் பல்கலைக்கழகமும் இரண்டாம் இடத்தை லவ்லி புரொஃபெஷனல் பல்கலைக்கழகமும் பெற்றன. இரண்டும் தனியார் பல்கலைக்கழகங்கள். குரு நானக் தேவ் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. இறங்கினாலும், எந்த உயரத்திலிருந்து இறங்கியது என்று சொல்ல அதற்கொரு தொடர்ச்சியான பதிவு இருக்கிறது. விருத்தாசலம் கல்லூரியின் வெற்றிகளை இப்படித் தொகுக்க வேண்டுமானால் சேப்பாக்கம், வேலூர், சிதம்பரம் என்று மூன்று ஊர்களின் கோப்புகளைப் புரட்ட வேண்டும்.

நம் மாநிலத்தில் பெயரின் மதிப்பை உணர்ந்து ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்து நின்ற நிகழ்ச்சியும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2007-ஐ ஒட்டிச் சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி எனப் பிரிக்கப்பட்டு, பின்னர் மதுரையும் சேர்ந்து, 2012-இல் மீண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டது. இந்த ஐந்தாண்டுக்குள் படித்து முடித்தவர்களின் சான்றிதழ்களில் உள்ள பெயர்களைத் தொகுத்தாலே ஒரு சிறு அகராதி கிடைக்கும். 2020 செப்டம்பரில் மறுபடியும் இரண்டாகப் பிரிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, கிண்டி வளாகம் உள்ளிட்ட பழைய நிறுவனத்துக்கு அண்ணா தொழில்நுட்ப மற்றும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்ற புதுப் பெயரும், இணைவுக் கல்லூரிகளை நிர்வகிக்கும் புதிய அமைப்புக்கு அண்ணா பல்கலைக்கழகம் என்ற பழைய பெயரும் முன்மொழியப்பட்டன. ஆசிரியர்கள் கொதித்தார்கள். உலகத் தரவரிசைகளும் வெளிநாட்டு ஒப்பந்தங்களும் பழைய பெயரில் இருக்க, பெயரை மட்டும் எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. கிண்டியின் குரல் கோட்டைக்குக் கேட்கும் தொலைவில் இருக்கிறது. விருத்தாசலத்தின் குரலுக்கு அந்த வசதி இல்லை.

எந்த மாற்றமும் கூடாது என்பது என் வாதம் அன்று. 1969-இல் மாநிலம் தமிழ்நாடு ஆனது. 1996-இல் தலைநகர் ஆங்கிலத்திலும் சென்னை ஆனது. ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஆங்கிலத்தில் இன்றும் 'மெட்ராஸ்' என்ற பெயரையே வைத்திருக்கின்றன; பம்பாய்ப் பல்கலைக்கழகம் மும்பை என்று மாறிக்கொண்டது. இரண்டும் நடக்கலாம், இரண்டுக்கும் காரணம் உண்டு. விருத்தாசலமே இதற்குச் சாட்சி. தேவாரம் பாடியவர்கள் அறிந்த பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்பதும் உண்டு. அவற்றின் வடமொழிப் பெயர்ப்பே விருத்தாசலம். மூன்று பெயர்களுக்கும் கோயில் ஒன்றே என்பதால், யாருக்கும் குழப்பம் வரவில்லை. பல்கலைக்கழக எல்லையை அருகில் கொண்டுவருவதிலும் நன்மை இருக்கிறது. அணித் தேர்வுக்கும் பயிற்சி முகாமுக்கும் வேலூர் வரை மகளை அனுப்பத் தயங்கிய பெற்றோர், தங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் சிதம்பரத்துக்கு அனுப்புவார்கள். இந்திய மகளிர் கால்பந்து அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனைப் போன்றவர்களைத் தந்த கடலூர் மாவட்டத்தில் இது சிறிய நன்மை அன்று. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்வியாலும் நிர்வாகத்தாலும் சீரமைக்கப்பட்டுவரும் ஒரு பழம்பெரும் நிறுவனத்தின் பெயர், சரியாகப் பேணப்பட்டால், இணைவுக் கல்லூரிகளுக்குப் பலமாகவும் அமையலாம்.

அப்படி அமைய வேண்டுமானால் செய்யக்கூடியவை சில உண்டு. எவற்றுக்கும் பெரிய நிதி தேவையில்லை. பட்டச் சான்றிதழிலும் விளையாட்டுச் சான்றிதழிலும் மாணவர் படித்த கல்லூரியின் பெயரும், நேரடி வகுப்பா தொலைநிலையா என்பதும் பார்த்தவுடன் தெரியும்படி அச்சாக வேண்டும். பல்கலைக்கழக அணியின் பனியனில் முன்புறம் பல்கலைக்கழகப் பெயர் இருக்கட்டும். பின்புறம் எண்ணுக்கு மேலே ஒவ்வொரு வீரரின் கல்லூரியும் ஊரும் இருக்கட்டும். பல்கலைக்கழக அளவிலான போட்டிகளை அண்ணாமலை நகரிலேயே நடத்தாமல், விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று சுழற்சியில் நடத்தினால், தாம் பட்டம் வாங்கப்போகும் பல்கலைக்கழகத்தை மாணவர் ஒருமுறையாவது தம் ஊரில் பார்ப்பார். கலைக்கப்பட்ட அல்லது எல்லை மாறிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டுப் பதிவுகளைக் கல்லூரி வாரியாகப் பிரித்து, அந்தந்தக் கல்லூரியிடமே ஒப்படைக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் வேறொரு பெயரில் ஆடியவருக்குச் சரிபார்ப்புக் கடிதம் தேவைப்பட்டால், அவர் எந்த ஊரில் போய் நிற்பது என்பதை அரசாணையே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து எந்த ஆட்சி எந்தப் பெயரில் மசோதா கொண்டுவந்தாலும், அதன் பிற்சேர்க்கையாக ஒரு பக்கக் கணக்கும் பேரவையின் முன் வைக்கப்படட்டும்: பழைய பெயரில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களின் சான்றிதழ்களுக்கு இனி யார் பொறுப்பு, பாதியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் எந்தப் பெயரில் முடிப்பார்கள், அந்த ஆண்டு அணிக்குத் தேர்வானவர்கள் எந்தப் பனியனை அணிந்து தென்மண்டலப் போட்டிக்குப் போவார்கள்.